புதுப்பிப்பு: மகளின் குறும்பார்வைக்கு அட்ரோபின் சொட்டு மருந்து

மகளுக்குக் கண்ணாடி பவர் கிடுகிடுவென்று ஏறுகிறது, டொக்டர் அட்ரோபின் சொட்டு மருந்து எழுதித் தந்திருக்கிறார், போடலாமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். போட்டு வருகிறோம். கடைசியாகப் பார்த்தபோதும் பவர் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது, ஆனால் பழைய வேகம் இல்லை. எனக்குப் பெரிய நிம்மதி.

கண்ணாடியைக் கழற்றிவிடலாமா என்று சிலர் கேட்டீர்கள். முடியாது. வந்த குறும்பார்வையை இந்த மருந்து மாற்றாது. கண்கோளம் நீண்டுகொண்டே போவதைத்தான் மெதுவாக்கும். ஹொங்கொங்கில் நடந்த லாம்ப் என்ற ஆய்வில் அட்ரோபின் 0.01, 0.025, 0.05 சதவீதம் உள்ள சொட்டு மருந்துகள் மூன்றையும் ஒப்பிட்டார்கள், 0.05 தான் கூடுதல் பலன் தந்தது. உங்கள் பிள்ளைக்கு எது என்பதை டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

இரவு படுக்கும்போது கீழ் இமையை மெல்ல இழுத்து ஒரு சொட்டு. அப்புறம் மூக்கோரக் கண்மூலையை விரலால் சற்று நேரம் அழுத்திப் பிடிக்கிறேன், மருந்து தொண்டைக்கு இறங்காமல் இருக்க. அட்டனில் பனி விலகிப் பளீரென்று வெயில் அடித்தால் கண் கூசுகிறது என்கிறாள், அதனால் தொப்பி. மழை விட்டால் உடனே வெளியே விளையாட அனுப்புகிறேன். பகல் வெளிச்சமும் குறும்பார்வையைத் தள்ளிப்போட உதவும்.

ஒன்று, தயவுசெய்து மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சட்டென்று விட்டால் பவர் மறுபடி வேகமாக ஏறக்கூடும்.