எல்லா லாக்கும் போட்டாயிற்று, ஆனாலும் பையன் ராத்திரி ஃபோன் பார்க்கிறான்

மதுரை_அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு 12 வயது, ஏழாவது படிக்கிறான். வீட்டில் நான், கணவர், மாமியார், அவன். பள்ளியில் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது என்பதால் என் பழைய ஃபோனை அவனிடம் கொடுத்திருக்கிறேன். அதில் ஃபேமிலி லிங்க் (பிள்ளையின் ஃபோனை நாம் கட்டுப்படுத்துகிற கூகுள் ஆப்) போட்டு, நாளைக்கு ஒன்றரை மணி நேரம், ராத்திரி 9 மணிக்கு மேல் பூட்டு என்று வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். போதாததற்கு என் கணவர் படுக்கப்போகும்போது ரவுட்டரையும் அணைத்துவிடுவார்.

போன வாரம் காலை ஆறு மணிக்கு மாமியாரின் ஃபோனை எடுத்துப் பார்த்தால், இன்றைய டேட்டாவில் 50% தீர்ந்துவிட்டது என்று மெசேஜ் வந்து கிடக்கிறது. அவருக்கு நாளைக்கு 2 ஜிபி. கணக்கு ராத்திரி 12 மணிக்குத்தான் புதிதாகத் தொடங்கும். 12க்கும் 6க்கும் நடுவில் 1 ஜிபியைத் தீர்த்தது யார்? அத்தை பார்ப்பது கோலமும் சமையலும், அதுவும் பகலில், வைஃபையில். யூடியூபைத் திறந்தால் ஹிஸ்டரி சுத்தமாகக் காலி. ஹிஸ்டரி என்று ஒன்று இருப்பதே தெரியாத மனுஷி அதை அழிக்கவா போகிறார்?

இதோடு போகவில்லை. பேங்க் மெசேஜில் 80 ரூபாய் மூன்று தடவை போயிருக்கிறது. ஏதோ துப்பாக்கி கேமில் டயமண்ட் வாங்கினானாம். அப்பத்தாவுக்கு யுபிஐ போட்டுக் கொடுத்ததே அவன்தான், பின் நம்பர் வைத்ததும் அவன்தான். காய்கறிக்காரருக்குப் பணம் போட வேண்டுமென்றால்கூட அவர் இவனைத்தான் கூப்பிடுவார்.

என் கணவர் ஃபோனை உடைக்கிறேன் என்கிறார், அத்தை "பிள்ளையைத் திட்டாதே" என்று அழுகிறார். அவனுக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் நமக்குக் காட்டுகிற ஆப் ஏதாவது இருக்கிறதா?

நெட்வொர்க்_அண்ணாச்சி:

அக்கா, நான் வீடு வீடாக ரவுட்டர் மாட்டுகிறவன். மாதத்தில் நாலு வீட்டிலாவது இதே கதையைக் கேட்கிறேன், பாதி வீட்டில் வில்லன் தாத்தா ஃபோன், மீதி வீட்டில் அப்பத்தா ஃபோன். நீங்கள் பூட்டு போட்டது அவன் கையில் இருக்கிற ஃபோனுக்கு. வீட்டில் மொத்தம் எத்தனை ஃபோன், எத்தனை சிம், டிவியில் யூடியூப் இருக்கிறதா என்று முதலில் எண்ணுங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது அத்தையின் யுபிஐ பின்னை மாற்றுவது. ஃபோன் திறக்கிற பின்னையும் மாற்றி, கைரேகை பட்டியலில் யார் விரலெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். பேரனின் விரல் கட்டாயம் இருக்கும். ஆட்டோபே (தானாகவே பணம் பிடிப்பது) ஏதாவது ஓடுகிறதா என்பதையும் அந்த யுபிஐ ஆப்பிலேயே பார்க்கலாம். ஃபேமிலி லிங்கில் வாங்கும்போது அனுமதி கேட்கிற வசதி உண்டு, ஆனால் அது அவன் கணக்கில், பிளே ஸ்டோர் வழியாக வாங்கினால்தான். அப்பத்தா ஃபோனில் வாங்கினால் உங்களுக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் அவனுடைய கூகுள் கணக்கில் பிறந்த வருடம் என்ன போட்டிருக்கிறது? உங்கள் வீட்டில் ஃபேமிலி லிங்க் வேலை செய்வதால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் நிறைய வீட்டில் அவசரத்துக்கு அப்பாவின் வருடத்தைப் போட்டு ஜிமெயில் திறந்துவிடுகிறார்கள், பிறகு கூகுளுக்கு அந்தப் பிள்ளை நாற்பது வயது ஆள். எந்தக் கட்டுப்பாடும் ஒட்டாது.

ரவுட்டரில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை வைத்து அதன் எண் முகவரியைத் தேடித் தருவது) என்ற இடத்தில் 1.1.1.3, அதற்கு அடுத்த கட்டத்தில் 1.0.0.3 என்று போடுங்கள். கிளவுட்ஃபிளேர் என்ற இணைய நிறுவனம் 2020இல் வீடுகளுக்காக இலவசமாகக் கொடுத்தது, ஆபாசத் தளங்களையும் வைரஸ் தளங்களையும் திறக்க விடாது. ஐபிவி6 (புது வகை இணைய முகவரி) ஓடுகிற ரவுட்டரென்றால் அதற்கான எண்ணையும் தனியாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் பின்பக்கக் கதவு திறந்தே கிடக்கும். இதெல்லாம் வைஃபைக்கு மட்டும்தான், சிம் டேட்டா ரவுட்டர் பக்கமே வராது. உங்கள் வீட்டில் நடந்தது அதுதான், ரவுட்டரை அணைத்தீர்கள், அவன் அப்பத்தா சிம்முக்குப் போய்விட்டான்.

அவன் ஃபோனை மட்டும் மேக் நம்பர் (ரவுட்டர் ஒரு ஃபோனை அடையாளம் காண்கிற எண்) வைத்துத் தடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆண்ட்ராய்டில் வைஃபை அமைப்புக்குள் போய் ஃபோனின் நிஜ மேக்கா மாற்று மேக்கா என்பதைத் தட்டி மாற்றினால் போதும், ரவுட்டருக்கு அது புது ஃபோன். இதைச் செய்ய பத்து வயது போதும், நான் பார்த்திருக்கிறேன்.

ரெண்டு_பொண்ணு_அம்மா:

தெரியாமல் பார்க்கிற ஆப் வேண்டாம் தோழி. நான் போட்டுப் பார்த்தவள், அதனால் சொல்கிறேன். பெரியவள் ஒன்பதாவது படிக்கும்போது அவள் ஃபோனில் ஒன்றை ஏற்றினேன். மெசேஜ், கூப்பிட்ட நம்பர், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் எனக்கு வரும். முதலில் பயத்தில் பார்த்தேன், அப்புறம் பார்க்காமல் இருக்க முடியவில்லை, ஆபீஸில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு மகளும் தோழியும் பேசுவதைப் படித்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் பேச்சுவாக்கில் அவள் எனக்குச் சொல்லாத ஒரு விஷயத்தை நானே உளறிவிட்டேன். அவள் சண்டை போடவில்லை. ஃபோனை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு மூன்று மாதம் எதுவுமே சொல்லவில்லை, சாப்பிட்டாயா என்றால் ம், அவ்வளவுதான்.

அந்த மூன்று மாதத்தில்தான் இன்ஸ்டாவில் எவனோ ஒருவன் அவளிடம் ஃபோட்டோ கேட்டுத் தொல்லை கொடுத்திருக்கிறான். பேசியதும் கேட்டதும் வேறு கணக்கில், தோழியின் ஃபோனில். என் ஆப் எதையும் காட்டவில்லை. கடைசியில் தங்கைதான் சொன்னாள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, அவனை பிளாக் செய்துவிட்டு, அரசின் சைபர் க்ரைம் போர்ட்டலில் புகார் கொடுத்தோம். பிள்ளைகளுக்கு உதவிக்குக் கூப்பிட 1098 நம்பரும் உண்டு, அதை இரண்டு பேருக்கும் மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். (பணம் பறிபோனால் 1930. உங்கள் விஷயத்தில் பணத்தைப் போட்டதே உங்கள் பிள்ளை, அதனால் அங்கே கூப்பிட்டுப் பயனில்லை.)

இப்போது எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் மேல் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. ஒன்பதரைக்கு எல்லா ஃபோனும் அதில். சார்ஜர் ஹாலில் மட்டும், படுக்கையறையில் ஒன்றுகூடக் கிடையாது. அலாரத்துக்கு ஃபோன் வேண்டும் என்பார்கள், 200 ரூபாய்க்கு அலாரம் கடிகாரம் கிடைக்கிறது, வாங்கிப் போட்டேன். பெரியவளின் இன்ஸ்டாவில் நிஜ வயதைப் போட வைத்தேன். 18க்குக் கீழே என்றால் டீன் கணக்காக மாறும், இந்தியாவில் 2025 பிப்ரவரியிலிருந்து இருக்கிறது, தெரியாதவர்கள் மெசேஜ் அனுப்ப முடியாது, ராத்திரி பத்து முதல் காலை ஏழு வரை அறிவிப்பு வராது. உங்கள் பையனுக்கு 12தான், அவனுக்கு இன்ஸ்டாவே கூடாது, 13 ஆகட்டும்.

சாக்பீஸ்_கை:

நான் ஆசிரியர். வீட்டுப்பாடத்துக்காகத்தான் ஃபோன் என்று எழுதியிருக்கிறீர்கள். குற்றத்தில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். கொரோனா சமயத்தில் தொடங்கிய வாட்ஸ்அப் குரூப், பள்ளி திறந்த பிறகும் மூடவில்லை. பிள்ளை "மிஸ் இன்னும் அனுப்பவில்லை" என்று சொல்லிக்கொண்டே எட்டு மணி வரை ஃபோனோடு உட்காரும். நான் ஐந்தரைக்கே அனுப்பியிருப்பேன்.

வகுப்பாசிரியரை நேரில் பார்த்து இரண்டு கேள்வி கேளுங்கள். எத்தனை மணிக்கு அனுப்புவார், அதையே டைரியில் எழுத வைக்க முடியுமா. நாலு பெற்றோர் சேர்ந்து கேட்டால் நடக்கும், எங்கள் வகுப்பில் அப்படித்தான் டைரி திரும்பி வந்தது. குரூப்பை உங்கள் நம்பருக்கு மாற்றிக்கொண்டால் அவனுக்குத் தனி ஃபோனே தேவைப்படாது. ப்ராஜெக்ட்டுக்குப் படம் எடுக்க வேண்டுமென்றால் ஹாலில், உங்கள் பக்கத்தில்.

மதுரை_அம்மா:

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஸ்பை ஆப் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவனை உட்கார வைத்து, எங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் அவனுக்குச் சொல்லிவிட்டோம். டேட்டா மெசேஜில் மாட்டினான் என்றதும் "சே, அதை யோசிக்கலையே" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கஷ்டப்பட்டு அடக்கினேன். 240 ரூபாயை அவன் உண்டியலிலிருந்து அப்பத்தாவுக்குக் கொடுத்தான், அவர் வாங்க மாட்டேன் என்று ஒரே ரகளை. பின்னை மாற்றினோம். கைரேகையில் அண்ணாச்சி சொன்ன மாதிரியே இவன் விரல் இரண்டு இருந்தது. குரூப் என் நம்பருக்கு வந்துவிட்டது.

டப்பாவும் வைத்தாயிற்று. முதல் நாள் ராத்திரி அவன் எட்டிப் பார்த்து எண்ணிவிட்டு, "மூணுதான் இருக்கு, அப்பாவோடது எங்கே?" என்றான். அப்பா மாடியில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அவரும் வைக்கிறார், முணுமுணுத்துக்கொண்டு.

ரவுட்டர் மட்டும் பாக்கி. அடியில் இருந்த பாஸ்வேர்டு ஸ்டிக்கர் கிழிந்துபோய்விட்டது. பின்னால் ஊசி குத்துகிற ஓட்டை இருக்கிறதே, அதை அழுத்தினால் பழைய பாஸ்வேர்டு வந்துவிடுமா?

நெட்வொர்க்_அண்ணாச்சி:

ஐயோ வேண்டாம் அக்கா! ரீசெட் செய்தால் இணைப்புக்கான விவரமும் சேர்ந்து போய்விடலாம், அப்புறம் நெட்டே வராது. இணைப்பு கொடுத்தவர்களைக் கூப்பிட்டு அட்மின் பாஸ்வேர்டைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும்போது பையன் பக்கத்தில் இருக்க வேண்டாம்.