வால்வு கிட்டார் ஆம்ப்பை அணைக்கும்போது எந்தச் சுவிட்சை முதலில் தொட வேண்டும்?

கேள்வி:
வணக்கம். இதுவரை டிரான்சிஸ்டர் ஆம்ப்பிலேயே வாசித்து வந்த நான், சென்ற மாதம் செகண்ட் ஹேண்டில் கண்ணாடிக் குழாய் வால்வுகளால் இயங்கும் ஒரு ஃபெண்டர் 65 டீலக்ஸ் ரிவெர்ப் ஆம்ப் வாங்கினேன். பின்பக்கம் பவர், ஸ்டாண்ட்பை என்று இரண்டு சுவிட்சுகள் இருக்கின்றன. ஸ்டாண்ட்பையை அணைத்து ஐந்து நிமிடம் கழித்தே பவரை அணைக்க வேண்டும் என்று விற்றவர் சொன்னார். என்னுடன் வாசிக்கும் நண்பரோ அது வீண் சடங்கு என்கிறார். ஒத்திகையின் நடுவே ஒரு மணி நேரம் ஸ்டாண்ட்பையில் விட்டுவைக்கலாமா? வாசித்து முடித்த சூட்டோடு காரில் ஏற்றலாமா?

பதில் 1:
உங்கள் நண்பர் சொல்வதே சரி. ஸ்டாண்ட்பையைத் தொடாமல் நேராகப் பவரை அணையுங்கள். வால்வைச் சூடாக்கும் ஹீட்டருக்கு 6.3 வோல்ட் போதும். வால்வுக்குள் இருக்கும் பிளேட் என்ற தகட்டுக்கோ 400 வோல்ட்டுக்கும் மேல் போகிறது. ஸ்டாண்ட்பை அந்த உயர் அழுத்தத்தை மட்டுமே துண்டிக்கிறது. பவரை மட்டும் அணைத்தால், இன்னும் சூடாக இருக்கும் வால்வுகள் சில விநாடிகள் மின்னோட்டத்தை இழுத்து, மின்தேக்கிகளில் தேங்கிய மின்னூட்டத்தைத் தாமே வடித்துவிடும். மின்பாதையில் ஸ்டாண்ட்பை மின்தேக்கிகளுக்குப் பின்னால் அமைந்த ஆம்ப்களில், அதை முதலில் அணைத்தால் அந்த வழி அடைபட்டு மின்னூட்டம் உள்ளேயே நிற்கும். எந்த வழியில் அணைத்திருந்தாலும், மீட்டரால் அளந்து பாராமல் உள்ளே கை வைப்பது உயிருக்கு ஆபத்து.

பத்துப் பதினைந்து நிமிட இடைவேளைக்கு ஸ்டாண்ட்பை போதும். ஒரு மணி நேரம் என்றால் முழுவதும் அணைத்துவிடுங்கள். ஹீட்டர் எரிந்துகொண்டே பிளேட்டில் மின்னோட்டம் இல்லாமல் நெடுநேரம் இருந்தால், ஹீட்டர் சூடாக்கும் உறுப்பான கேத்தோடின் மேல் ஒரு படலம் உருவாகி வால்வின் திறன் குறையும். உங்கள் ஆம்ப்பில் மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கும் ரெக்டிஃபையர் வால்வு மெதுவாகவே சூடேறி, உயர் அழுத்தமும் மெல்லவே ஏறுவதால், தொடங்கும்போதும் ஸ்டாண்ட்பைக்கு அவ்வளவாக வேலை இல்லை.

பதில் 2:
காரில் ஏற்றுவதற்கு முன் கால் மணி நேரமாவது ஆற விடுங்கள். சூடான வால்வின் உள்ளுறுப்புகள் அதிர்ச்சி தாங்கா. இன்னொன்று, ஸ்பீக்கர் இணைப்பு இல்லாமல் வாசித்தால் வால்வுகளையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் கருகலாம். பழைய ஃபெண்டர் வடிவமைப்பில் ஸ்பீக்கர் பிளக்கை உருவினால் அது செருகியிருந்த ஜாக் தானே ஷார்ட் ஆகி ஓரளவு காப்பாற்றும்; ஆனால் வயர் உள்ளுக்குள் அறுந்திருந்தால் அந்தப் பாதுகாப்பு உதவாது. எங்கள் குழுவில் ஒருவர் அப்படித்தான் ஒரு டிரான்ஸ்ஃபார்மரை இழந்தார். ஸ்பீக்கரை இயக்கும் பவர் வால்வின் பிளேட் செக்கச்செவேல் என்று சிவந்தால் உடனே அணைத்துவிடுங்கள். கண்ணாடியின் உட்புறம் தெரியும் மெல்லிய நீல ஒளி மட்டும் என்றால் பயப்பட வேண்டாம்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நேற்று நேராகப் பவரை அணைத்துப் பார்த்தேன். அணைத்த பிறகும் கிட்டாரின் ஒலி சில விநாடிகள் நீடித்து மெல்ல மங்கியது. இது பழுதா?

பதில் 1:
பழுதில்லை. மேலே சொன்னபடி, மின்தேக்கிகள் வடிவதைத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஒலி அடங்கியதும் உறையைப் போட்டுவிடாமல், பின்பக்கம் தொட்டால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகு மூடுங்கள்.