1990 மியாட்டாவில் எலக்ட்ரானிக் த்ராட்டில்: கேபிளைக் கழற்றலாமா?

டொரொன்டோ ராஜன்:
என்னிடம் 1990 மாஸ்டா மியாட்டா இருக்கிறது, 1.6 இன்ஜின். குளிர்காலத்தில் வண்டி கராஜில் நிற்கும்போது பழைய ஈசியுவை (இன்ஜினை இயக்குகிற கம்ப்யூட்டர்) எடுத்துவிட்டு, நாமே டியூன் செய்யக்கூடிய ஈசியு போடப்போகிறேன். அது முடிவான விஷயம். கேள்வி என்னவென்றால், அதோடு சேர்த்து ஆக்சிலரேட்டர் கேபிளையும் எடுத்துவிட்டு, சென்சார் வைத்த பெடலும் மோட்டார் வைத்த த்ராட்டில் பாடியும் (இன்ஜினுக்குள் போகிற காற்றைத் திறந்து மூடுகிற தட்டு உள்ள பாகம்) போட்டுவிடலாமா?

ஐடிலிங், அதாவது பெடலைத் தொடாமல் இன்ஜின் சும்மா ஓடுவது, ஒரே ஆட்டமாக இருக்கிறது. அப்போது காற்றை விடுகிற ஐடில் வால்வை இரண்டு தடவை கழற்றிச் சுத்தம் செய்தும் நிற்கவில்லை. எலக்ட்ரானிக் த்ராட்டில் வந்தால் அந்த வால்வே தேவைப்படாது. கியர் குறைக்கும்போது ரெவ்வை (இன்ஜின் சுழலும் வேகம்) தானாக ஏற்றிக் கொடுக்கும் வசதியும் கிடைக்கும். இந்த வண்டியின் த்ராட்டில் சென்சார் வெறும் சுவிட்ச்தான். மூடியிருக்கிறதா, முழுக்கத் திறந்திருக்கிறதா என்பதைத் தவிர வேறு எதையும் அது சொல்லாது. எப்படியும் மாற்றத்தான் போகிறேன், அப்படியே முழுசாக மாற்றிவிடலாம் என்று தோன்றுகிறது.

கோவை பழனி:
தம்பி, வேண்டாம். கோவையில் 20 வருடமாக ரேஸ் வண்டிகளுக்கு ஸ்பேனர் பிடிக்கிறவன் சொல்கிறேன். கேபிள் என்றால் உன் காலுக்கும் அந்தத் தட்டுக்கும் நடுவில் ஒரு இரும்புக் கயிறு மட்டும்தான். காலை எடுத்தால் ஸ்பிரிங் இழுத்து மூடிவிடும். நடுவில் கணக்குப் போட ஆள் கிடையாது. கெட்டுப்போகிற கேபிள் முன்கூட்டியே சொல்லிவிடும், பெடல் கரகரக்கும், கனக்கும். ஒயருக்கு அந்தப் பேச்சே இல்லை. காலையில் நன்றாக இருக்கும், சாயங்காலம் போய்விடும். அதுவும் 30 வருடத்துக்கு மேலான வண்டியில், வீட்டில் உட்கார்ந்து நீ கிரிம்ப் செய்த (கனெக்டரில் நசுக்கிப் பிடித்த) ஒயரை நம்பி ஹைவேயில் போவாயா?

மலர்விழி:
சென்னையில் இன்ஜின் காலிப்ரேஷன், அதாவது ஈசியுவுக்குள் இருக்கிற எண்களைச் சரிசெய்கிற வேலையில் இருக்கிறேன். தினமும் இதே த்ராட்டிலோடுதான் பொழுது போகிறது. பழனி அண்ணன் ஒரே ஒரு ஒயரை நம்பிப் போவதுபோலச் சொல்கிறார். அப்படி இல்லை.

பெடலில் இரண்டு சென்சார்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி 5 வோல்ட், தனித்தனி எர்த். பல பெடல்களில் ஒன்றின் வோல்டேஜ் மற்றதில் பாதி. இரண்டும் எப்போதும் அதே விகிதத்தில் ஏறி இறங்க வேண்டும். ஒயர் அறுந்தாலோ ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலோ கணக்கு உதைக்கும், ஈசியு உடனே கண்டுபிடித்துவிடும். த்ராட்டில் பாடியிலும் அதேபோல இரண்டு சென்சார், பெரும்பாலும் ஒன்று ஏற மற்றது இறங்கும். சந்தேகம் வந்தால் மோட்டாருக்குப் போகிற கரண்டையே ஈசியு நிறுத்திவிடும். அப்போது ஸ்பிரிங் அந்தத் தட்டைக் கொஞ்சமாகத் திறந்த நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தும். வண்டி மெதுவாக ஓரம் கட்டுகிற அளவுக்கு ஓடும்.

இது நேற்று வந்ததும் இல்லை. 1987இல் அறிமுகமான பிஎம்டபிள்யூ 750ஐ, அந்த வி12 வண்டி, எலக்ட்ரானிக் த்ராட்டிலோடுதான் வந்தது. ராஜனுடைய மியாட்டாவைவிட மூத்தது.

கோவை பழனி:
எல்லாம் சரிம்மா. டொயோட்டா கதை என்ன ஆச்சு? 2009, 2010இல் வண்டி தானாகப் பாய்கிறது என்று அமெரிக்காவே அல்லோலகல்லோலப்பட்டதே. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்த நிலைமை என்றால், ராஜன் கராஜில் என்ன செய்துவிட முடியும்?

மலர்விழி:
நியாயமான கேள்வி, அண்ணே. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை நாசா இன்ஜினியர்களையே கூப்பிட்டு ஆராயச் சொன்னது. 2011 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. தானாகப் பெரிய அளவில் த்ராட்டில் திறக்கிற எலக்ட்ரானிக் கோளாறு எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கையில் சிக்கியவை, பெடலை மாட்டவைத்த தரைவிரிப்பும் திரும்பி வராமல் ஒட்டிக்கொண்ட பெடலும். ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. 2013இல் ஓக்லஹோமாவில் ஒரு வழக்கில் நிபுணர்கள் அந்த மென்பொருளைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள், ஜூரி டொயோட்டாவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. எனவே பயமே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன்.

கம்பெனி ஈசியுவில் மூன்று அடுக்குக் காவல் இருக்கும். த்ராட்டிலை இயக்குகிற புரோகிராம், அது சரியாக இயக்குகிறதா என்று பார்க்கிற இன்னொரு புரோகிராம், அந்தச் சிப்பே ஒழுங்காக இருக்கிறதா என்று கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிற தனிச் சிப். வெளியில் வாங்குகிற எல்லா ஈசியுவிலும் இது இருக்காது. ராஜன், எலக்ட்ரானிக் த்ராட்டிலைத் தானே இயக்கி, தானே கண்காணித்து, தனி ரிலே வழியாக மோட்டார் கரண்டை வெட்டுகிற ஈசியுவைத்தான் வாங்க வேண்டும். பழைய ஈசியுவோடு பக்கத்தில் ஒரு பெட்டியைத் தொங்கவிடுகிற வேலை வேண்டவே வேண்டாம்.

சிவா எஸ்2000:
பாதுகாப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். கால் உணர்வை யாருமே பேசவில்லையே. ஹோண்டா எஸ்2000க்கு 2006 மாடலில்தான் எலக்ட்ரானிக் த்ராட்டில் வந்தது. என்னுடையது 2003, கேபிள். நண்பனுடையது 2006. இரண்டையும் ஒரே நாளில் ஓட்டினால் தெரியும். என் வண்டியில் காலை அசைக்கும்போதே இன்ஜின் அசைகிறது. அவன் வண்டியில் ஒரு சின்ன யோசனைக்கு அப்புறம்தான் அசைகிறது. அந்த ஒன்றுக்காகத்தானே பழைய வண்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்?

மலர்விழி:
சிவா, அந்த யோசனை மோட்டாருடையது இல்லை. நல்ல த்ராட்டில் பாடி மூடிய நிலையிலிருந்து முழுக்கத் திறக்கச் சுமார் பத்தில் ஒரு நொடிதான் எடுக்கும். புகைக் கட்டுப்பாட்டுக்காகவும், வண்டி குலுங்காமல் இருக்கவும் கம்பெனிகள் வேண்டுமென்றே மென்பொருளில் தாமதம் வைக்கின்றன. அதை வைக்கிற வேலையை நானே செய்திருக்கிறேன். ராஜன் வண்டியில் மேப் (எவ்வளவு மிதித்தால் தட்டு எவ்வளவு திறக்க வேண்டும் என்ற அட்டவணை) எழுதப்போவது ராஜன்தான், அவருக்கு அந்தத் தாமதம் தேவையில்லை. கேபிளும் நேர்மையான கணக்கு சொல்வதில்லை. தட்டு கால்வாசி திறந்ததுமே, ரெவ் குறைவாக இருந்தால், இன்ஜினுக்கு வேண்டிய காற்றில் பெரும்பகுதி போய்விடுகிறது. மிச்ச மிதியில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. மேப்பில் அதைச் சமன் செய்யலாம்.

சிவா எஸ்2000:
சமன் செய்தது எனக்கு வேண்டாம். அந்தக் கோணலுக்கே என் கால் 15 வருடமாகப் பழகியிருக்கிறது.

கோவை பழனி:
ராஜன் தம்பி, எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய். வீட்டில் யாரையாவது பெடலை முழுக்க மிதிக்கச் சொல்லிவிட்டு நீ பானெட்டைத் திறந்து த்ராட்டில் எதுவரை திறக்கிறது என்று பார். காற்றை அளக்கிற ஏர்ஃப்ளோ மீட்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் குழாயை விரித்துப் பார். அதில் விரிசல் இருந்தால் அளக்காத காற்று உள்ளே போகும், ஐடில் ஆடத்தான் செய்யும். வேறு நோய்க்கு ஆபரேஷன் செய்துவிடாதே.

டொரொன்டோ ராஜன்:
பார்த்துவிட்டேன். மகள்தான் மிதித்தாள். தரையோடு மிதித்தும் தட்டு முழுக்கத் திறக்கவில்லை, ஒரு விரல்நுனி அளவு பாக்கி நின்றது. இத்தனை வருடம் முழு த்ராட்டில் என்று நான் நினைத்தது முழு த்ராட்டிலே இல்லை.

ரப்பர் குழாயில் பழனி அண்ணன் சொன்னபடியே விரிசல், அடிப்பக்கத்து மடிப்பில். விரித்தால்தான் தெரிகிறது. டேப் சுற்றி ஓட்டிப் பார்த்தேன், ஐடில் பாதி அடங்கிவிட்டது. புதுக் குழாய்க்குச் சொல்லியிருக்கிறேன்.

அப்புறம் கேபிளைப் பெடல் பக்கம் கழற்றினேன். உருண்டை முனைக்குக் கொஞ்சம் கீழே நான்கு இழை அறுந்து முள்முள்ளாக நிற்கிறது. தடவிப் பார்த்தபோது கட்டைவிரலில் குத்தி ரத்தம் வந்துவிட்டது. அண்ணே, கேபிள் முன்கூட்டியே சொல்லும் என்றீர்கள். எனக்கு அது ஒன்றுமே சொல்லவில்லை. பெடல் வெண்ணெய் மாதிரிதான் இருந்தது.

கோவை பழனி:
நீ சொன்னதும் ஒன்று ஞாபகம் வந்தது, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஒரு தடவை கோவை கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் பிராக்டிஸ் ஓடும்போது எங்கள் வண்டியில் அறுந்த இழை ஒன்று கேபிள் உறைக்குள் மாட்டிக்கொண்டது. பையன் காலை எடுத்தும் ரெவ் இறங்கவில்லை. இன்ஜினை உடனே அணைக்கிற கில் சுவிட்சைத் தட்டியதால் தப்பித்தான். முந்தைய வாரம் அந்தக் கேபிளுக்கு எண்ணெய் விட்டவன் நான்தான். அதனால் கேபிள் கெடாது என்று இனிமேல் பேசமாட்டேன். ஆனால் அந்த கில் சுவிட்ச் உன் வண்டியில் உண்டா? எந்த த்ராட்டில் போட்டாலும் கைக்கு எட்டுகிற இடத்தில் முதலில் அதை வை.

மலர்விழி:
அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. போடுவதாக முடிவானால், ராஜன், பெடலும் அதன் கனெக்டரும் ஒரே வண்டியிலிருந்து வரட்டும், வெட்டி ஒட்ட வேண்டாம். சென்சார் எர்த்தைப் பாடியில் போடாமல் நேராக ஈசியுவுக்கே கொண்டுபோங்கள். ஓட்டுவதற்கு முன், இன்ஜின் அணைந்திருக்க இக்னிஷனை மட்டும் போட்டு, பெடலைப் பாதி மிதித்துக்கொண்டு ஒவ்வொரு சென்சார் ஒயராகக் கழற்றுங்கள். பெடலின் இரண்டு, த்ராட்டிலின் இரண்டு, கடைசியில் மோட்டார் ஃப்யூஸ். ஒவ்வொரு தடவையும் தட்டு ஸ்பிரிங் நிலைக்கு வந்து நிற்க வேண்டும். ஒன்றில் வராவிட்டாலும் வண்டி கராஜைவிட்டு வெளியே போகக்கூடாது.

டொரொன்டோ ராஜன்:
சரி. இப்போதைக்குப் புதுக் கேபிள் போட்டு, முழுக்கத் திறக்கிற மாதிரி சரிசெய்து இந்தக் கோடையை ஓட்டுகிறேன். கில் சுவிட்ச் இந்த வாரமே. நவம்பரில் ஈசியு, அதுவும் முதலில் கேபிளோடுதான் டியூன். அது ஒழுங்காக ஓடினால் பிப்ரவரியில் எலக்ட்ரானிக் த்ராட்டில்.

சிவா எஸ்2000:
புதுக் கேபிளோடு இரண்டு மாதம் ஓட்டிவிட்டு, பிப்ரவரியில் இதையே சொல்கிறீர்களா என்று பார்க்கிறேன்.

கோவை பழனி:
அந்த ஒயர் கழற்றுகிற சோதனையை வீடியோ எடுத்துப் போடு தம்பி. தட்டு திரும்பி வருகிற சத்தம் கேட்கிற மாதிரி, ஐந்து தடவையும். பார்த்துவிட்டுத்தான் நான் சரி சொல்வேன்.