லைன் பிளாக் நாளில் உச்சிப்புளிக்கு மாற்று பஸ் உண்டா?

முகவைப் பயணி:
அடுத்த வாரம் ராமநாதபுரம் – ராமேஸ்வரம் இடையே லைன் பிளாக், அதாவது ரயிலை நிறுத்திவைத்துத் தண்டவாள வேலையாம். மதுரை பாசஞ்சர் ராமநாதபுரத்தோடு நின்றுவிடும் என்று அறிவிப்பு வந்திருக்கிறது. அன்றைக்குத்தான் ஒரு விசேஷத்துக்கு மதுரையிலிருந்து 45 பேர் அந்த வழியில் இருக்கும் உச்சிப்புளிக்கு வர வேண்டும், சீர் சாமானோடு. ஆறு பேர் சென்னையிலிருந்து மண்டபம் ஸ்டேஷனுக்கு ரிசர்வ் செய்திருக்கிறார்கள். ரயில்வே பஸ் விடுமா? ரயில் டிக்கெட் பஸ்ஸில் செல்லுமா?

பிளாட்பாரம் 2:
விடும் என்று நம்பி இருக்காதீங்க. முன்கூட்டி அறிவித்த பிளாக்குக்கு நம் ஊரில் ரயில்வே பஸ் ஏற்பாடு செய்வது வழக்கமே இல்லை. பாம்பன் பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது, புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6. அவ்வளவு காலமும் வண்டிகள் மண்டபத்தோடும் ராமநாதபுரத்தோடும் முடிந்தன. மீதி வழிக்கு ஜனம் வழக்கமான அரசு பஸ்ஸைத்தான் நம்பியது. சிறப்பு ஏற்பாடு என்று தனியாக அறிவிக்காதவரை ரயில் டிக்கெட்டோ சீசன் பாஸோ பஸ்ஸில் செல்லாது. கண்டக்டரிடம் வாதாடிப் பயனில்லை.

கூட்டக் கணக்கைப் பாருங்க. பழைய மாதிரி பொதுப் பெட்டியில் 90 சீட், பஸ்ஸில் 55 போல. பத்துப் பெட்டி வண்டி பாதி நிறைந்து வந்தாலே எட்டு பஸ் கூட்டம் ஒரே நேரத்தில் இறங்கும். அதனால் 45 பேரையும் ஒரே பஸ்ஸில் ஏற்ற நினைக்க வேண்டாம். வயசானவர்களோடு பத்துப் பதினைந்து பேரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் ராமேஸ்வரம் பஸ்ஸில் முதலிலேயே அனுப்பிவிடுங்க. ஏறும் முன் "உச்சிப்புளியில் நிற்குமா?" என்று கேட்டே ஏறணும். எக்ஸ்பிரஸ் போர்டு போட்டது நிற்காமல் போகலாம். இலவசப் பயணம் சாதாரண நகரப் பேருந்துக்குத்தான், வெளியூர் பஸ்ஸில் பெண்களுக்கும் டிக்கெட் உண்டு.

மீதிப் பேருக்கு ராமநாதபுரம் ஸ்டேஷன் வாசலுக்கு இரண்டு வேன் பேசுங்க. மஞ்சள் நம்பர் பிளேட் பார்த்துப் பேசணும். பள்ளி வேன் மலிவாகக் கிடைக்கும், ஆனால் பெர்மிட் மாணவர்களை ஏற்றத்தான். வழியில் ஒன்று ஆனால் இன்சூரன்ஸ் கைவிரிக்கலாம். அண்டா, குத்துவிளக்கையெல்லாம் பஸ்ஸில் ஏற்றினால் லக்கேஜ் டிக்கெட் கேட்பார்கள், கூட்டம் என்றால் ஏற்றவே மாட்டார்கள். சாமானை வேனில் போட்டுவிடுங்க.

வேன் டிரைவரிடம் "உச்சிப்புளி ஸ்டேஷன்" என்று சொல்லாமல் விசேஷம் நடக்கும் இடத்தின் பெயரைச் சொல்லுங்க. பிளாக் நாளில் லெவல் கிராசிங்கையே பிரித்துப் போட்டு வேலை செய்வதும் உண்டு. அப்படியானால் அந்த கேட் வழியாக ஊருக்குள் வண்டி நுழைய முடியாது. முதல் நாள் கேட்டில் விசாரித்து வைப்பது உத்தமம்.

ரீஃபண்ட் ரங்கன்:
ரிசர்வ் ஆறு பேர் விஷயம். வண்டி முழுக்க ரத்தானால்தான் ஆன்லைன் டிக்கெட்டுக்குப் பணம் தானாகத் திரும்பும். பாதி வழியில் நிறுத்தினால் தானாக வராது. ஐஆர்சிடிசியில் டிடிஆர் (பணம் திரும்பக் கேட்கும் மனு) போடணும், காரணமாக 'வண்டி முன்னதாகவே நிறுத்தப்பட்டது' என்பதைத் தேர்ந்தெடுக்கணும். மண்டபத்துக்கு வண்டி வந்திருக்க வேண்டிய நேரத்திலிருந்து 72 மணி நேரம் கெடு. கவுன்டர் டிக்கெட் என்றால் ராமநாதபுரத்தில் இறங்கியதும் ஸ்டேஷனில் ஒப்படைத்து டிடிஆர் ரசீது வாங்குங்க. ஸ்டேஷன் வாசலில் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு வந்தால் கதை முடிந்தது.

பெரிய தொகை எதிர்பார்க்காதீங்க. மண்டபம் வரைக்கான கட்டணத்துக்கும் ராமநாதபுரம் வரைக்கான கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் வரும். தூரம் கூடக் கூட கிலோமீட்டர் விலை குறையும் என்பதால் கடைசித் துண்டுக்குச் சில ரூபாய்தான். ஆறு பேருக்கு அலையும் ஆட்டோ காசுக்குக்கூடக் காணாது என்பது என் எண்ணம்.

முகவைப் பயணி:
நன்றி அண்ணே. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிளாக் முடியும் என்று போட்டிருக்கிறார்கள். திரும்பும்போது ஆறு மணிக்கு மேல் உச்சிப்புளியிலேயே ரயில் ஏறலாமா?

கீமேன்:
அதை நம்பி ஆளைக் கூட்டிக்கொண்டு போய் பிளாட்பாரத்தில் உட்கார வைக்காதீங்க தம்பி. ஒற்றை வழி, வேலை தள்ளிப்போனால் எதிர்வண்டியும் சேர்ந்து மாட்டும்.

இந்தப் பகுதியில் தள்ளிப்போவதற்குக் காரணமும் இருக்கிறது. உப்புக் காற்று. தண்டவாளத்தின் அடிப்பகுதியில் லைனர் (கிளிப்புக்கு அடியில் வைக்கும் தகடு) உட்காரும் இடம் முதலில் அரிக்கும், தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்திருக்கும் பேண்ட்ரால் கிளிப் துருவேறி இறுகிவிடும். மற்ற ஊரில் ஒரே அடியில் கழலுவது இங்கே சுத்தியலுக்கு அசையாது. நூற்றுக்கணக்கான கிளிப்பில் இப்படி நிமிஷம் நிமிஷமாகப் போனால் 'பிளாக் பர்ஸ்ட்' ஆகும், அதாவது கேட்ட நேரத்தைத் தாண்டும். அதனால்தான் கிளிப்பை எடுத்துச் சுத்தம் செய்து கிராபைட் கிரீஸ் தடவிப் போடும் வேலையே தனியாக நடக்கும்.

முடிந்த உடனே வண்டி பறக்காது. ஜல்லி இறுகும்வரை அந்த இடத்தில் வேகக் கட்டுப்பாடு இருக்கும், முதலில் ஊர்ந்துதான் போகும்.

பிளாட்பாரம் 2:
வேனைத் திரும்பும் பயணத்துக்கும் சேர்த்தே பேசிவிடுங்க. காத்திருப்புக்கு மணிக்கு எவ்வளவு என்று முன்பணம் கொடுக்கும்போதே கேட்டு வையுங்க, சண்டை வருவது அங்கேதான். அன்று காலை ரயில் விசாரணை எண் 139க்குப் போன் அடித்தோ, வண்டி நிலவரம் காட்டும் ரயில்வேயின் என்டிஇஎஸ் ஆப்பிலோ வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்க. 'பகுதி ரத்து' என்று எந்த நிலையத்தின் பெயர் வருகிறதோ, வேன் அந்த வாசலில் நிற்கட்டும். சில நேரம் ராமநாதபுரம் என்றது மானாமதுரையாக மாறும்.