பள்ளிக்கூடம் போகாத பெரியவர்களுக்கு மறதிச் சோதனை: எம்.எம்.எஸ்.இ. மதிப்பெண்ணை நம்பலாமா?

செவிலி_தேனி:
வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்க்கிற வேலை. எழுதப் படிக்கத் தெரியாத எழுபது வயதுக்காரர்கள் எம்.எம்.எஸ்.இ. என்ற கேள்வி-பதில் மறதிச் சோதனையில் 30-க்கு 20, 21 தான் வாங்குகிறார்கள். ஆனால் சமையல், ஆடு மாடு, சீட்டுப் பணம் எதிலும் பிசகு இல்லை. இதை டிமென்ஷியா (மறதி நோய்) சந்தேகம் என்று எழுதி அனுப்பலாமா?

நரம்பன்:
அந்த எண்ணை மட்டும் வைத்து அனுப்பாதீர்கள். 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிப்பதற்கு 5, வாக்கியம் எழுத 1, படித்துச் செய்ய 1, ஐங்கோணம் வரைய 1. மற்றதெல்லாம் சரியாகச் சொன்னாலும் எழுத்தறியாதவருக்கு 22 தான் மிஞ்சும். வழக்கமான கோடோ 24, அதற்குக் கீழே போனால் சந்தேகம். ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களுக்காக உருவான இந்திச் சோதனையில் கழித்தலை எடுத்துவிட்டு, கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்ல வைத்தார்கள்.

முதுமைமன்றம்:
ருடாஸ் என்ற இன்னொரு மறதிச் சோதனையைப் பாருங்கள். 2004-இல் சிட்னியில், பல நாட்டுக் குடியேறிகளை மனதில் வைத்துச் செய்தது. மொத்தம் 30, 22-ம் அதற்குக் கீழும் வந்தால் மேற்கொண்டு பார்க்கணும். முதலில் டீ, சமையல் எண்ணெய், முட்டை, சோப்பு என்று கடைச் சாமான் நான்கை நினைவில் வைக்கச் சொல்லணும். திருப்பிச் சொல்லும்வரை அதிகபட்சம் ஐந்து முறை சொல்லலாம். பிறகு அவற்றைக் கேட்கும்போது ஒன்றுமே வராவிட்டால் 'டீ' மட்டும் எடுத்துக்கொடுக்கலாம், வேறெதுவும் கூடாது. இடையில் முஷ்டி-உள்ளங்கை மாற்றி வைப்பது, சிக்னல் இல்லாத ரோட்டை எப்படிக் கடப்பது என்ற கேள்வி; கடைசியில் ஒரு நிமிடத்தில் மிருகங்களின் பெயர். கனசதுரம் வரைவதுதான் எனக்கு உறுத்தல்: பென்சிலே பிடிக்காத கைக்கு அந்த 3 மதிப்பெண் போய்விடும்.

செவிலி_தேனி:
மருமகள் பக்கத்தில் நின்று பதிலை எடுத்துக்கொடுக்கிறாரே?

நரம்பன்:
சோதனையின்போது வெளியே அனுப்புங்கள். முடிந்ததும் அவரிடம்தான் முக்கியமான கேள்வி. 'மறதி இருக்கா' என்றால் 'வயசானா அப்படித்தானே' என்று முடித்துவிடுவார்கள். 'போன தீபாவளிக்குச் செய்த வேலையில் இப்போது எதை விட்டுவிட்டார், ஏன்' என்று கேளுங்கள். முட்டிவலியால் விட்டதும் வழிமுறை மறந்து விட்டதும் ஒன்றல்ல.

முதுமைமன்றம்:
வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவருக்கு அந்த மொழியிலேயே கேளுங்கள். ஹைதராபாதில் 648 டிமென்ஷியா நோயாளிகளை வைத்து 2013-இல் வந்த ஆய்வில், இரண்டு மொழி பேசுகிறவர்களுக்கு நோய் சுமார் நாலரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியிருந்தது, எழுத்தறியாதவர்களிடமும் தாமதம் தெரிந்தது. அதற்காக இரண்டு மொழி தெரிந்தவரைச் சோதிக்காமல் விடவேண்டாம். எல்லா ஆய்வும் இதை ஒப்புவதில்லை. உட்காரும் முன் காதில் குரும்பி, கண்ணில் புரை இருக்கிறதா பாருங்கள். மதிப்பெண் குறைந்தால் வைட்டமின் பி12, தைராய்டு, மனச்சோர்வு மூன்றையும் பார்க்கச் சொல்லி அனுப்புங்கள்.