தினமும் 20 நிமிஷம்தான் கிடைக்குது, கிளாசிக்கல் கிட்டார்ல முன்னேற முடியுமா?

ஆறுகம்பி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நைலான் ஸ்ட்ரிங் கிட்டார் கையில எடுத்து ஒன்றரை வருஷம் ஆச்சு. முதல் ஆறு மாசம் ஒரு டீச்சர்கிட்ட போனேன், அப்புறம் வேலை நேரம் மாறினதுல கிளாஸ் நின்னுபோச்சு, இப்போ நானாதான் வாசிக்கிறேன். நோட்டேஷன் மெதுவா படிக்கத் தெரியும். வார நாள்ல குழந்தை தூங்கினதுக்கு அப்புறம் 20 நிமிஷம், ரொம்ப போனா 25, அவ்ளோதான் கிடைக்குது. ஞாயித்துக்கிழமை மட்டும் ரெண்டு மணி நேரம் கிடைக்கும், அதனால 20 நிமிஷத்துல என்ன ஆகிடப்போகுதுன்னு வாரத்துல பாதி நாள் கிட்டாரை பெட்டியில இருந்து எடுக்கிறதே இல்ல.

இப்போ எடுத்திருக்கிறது ஸ்பானிஷ் ரொமான்ஸ், யார் எழுதினதுன்னு இன்னும் முடிவாகாத அந்த இ மைனர் பீஸ். முதல் ஆறு மெஷர் கண்ண மூடிக்கிட்டு வாசிப்பேன் (மெஷர பார்னும் சொல்வாங்க, ஆள்காட்டிவிரல ஸ்ட்ரிங்குக்கு குறுக்கா வெச்சு அழுத்துற பார் கார்டோட குழம்பக்கூடாதுன்னு மெஷர்னே சொல்றேன்). ஏழாவதுல 5-வது ஃப்ரெட்ல (நெக்ல குறுக்கா பதிச்சிருக்கிற கம்பி) பார் கார்ட் வருது, அங்க தடங்கல். ஒன்பதாவது, பத்தாவதுல 7-வது ஃப்ரெட்ல பார் போட்டுக்கிட்டே சுண்டு விரலை 11-வது ஃப்ரெட் வரைக்கும் நீட்டணும், அங்க மொத்தமா நின்னுடும். நின்னதும் திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிப்பேன். நாலு மாசமா அதே இடம். இந்த வாத்தியம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, விட மனசு இல்ல. இருக்கிற 20 நிமிஷத்த எப்படி பிரிச்சுக்கிறது, இப்படி வாசிச்சு முன்னேறினவங்க யாராவது இருக்கீங்களா?

மெதுவா_வாசி எழுதியது:

நண்பரே, நான் 12 வருஷமா வாசிக்கிறேன், அதுல முக்கால்வாசி உங்கள மாதிரி அரை மணி நேரத்துக்குள்ளதான். முன்னேற முடியும், நல்லாவே முடியும். ஆனா அந்த 20 நிமிஷம் எங்க போகுதுன்னு ஒரு தடவை உக்காந்து கணக்கு போட்டுப் பாருங்க.

அந்த பீஸ் முதல் பாகம் 16 மெஷர், ரெண்டாவது பாகம் 16. ரெண்டையும் ரிப்பீட்டோட வாசிச்சுட்டு கடைசியில முதல் பாகத்துக்குத் திரும்பி வந்து முடிச்சா மொத்தம் 80 மெஷர். மெட்ரோனோம் 60-ல (தாளம் தட்டுற கருவி, நிமிஷத்துக்கு 60 தட்டு) ஒரு மெஷருக்கு மூணு தட்டு, அதாவது 3 செகண்ட், அப்போ முழுசா ஒரு தடவை வாசிக்க 4 நிமிஷம், 20 நிமிஷத்துல 5 தடவை. நீங்க சொல்ற 7-ல இருந்து 10 வரைக்குமான நாலு மெஷர் ஓடி முடிய 12 செகண்ட், ஒரு முழு வாசிப்புல அது 3 தடவை வரும். ஆக ஒரு தப்பு இல்லாம 20 நிமிஷம் வாசிச்சாலே கஷ்டமான இடத்துல உங்க கை இருந்தது 3 நிமிஷம்தான். நீங்க நடுவுல நின்னு முதல்ல இருந்து ஆரம்பிக்கிறதால அந்த 3 நிமிஷம் கூட கிடைக்கல, ஏற்கனவே வளர்ந்து நிக்கிற ஆறு மெஷருக்கே தினமும் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கீங்க.

நான் பண்றது இதுதான். கிட்டாரை எடுக்கிறதுக்கு முன்னாடியே இன்னைக்கு எந்த ரெண்டு மெஷர்னு முடிவாகி இருக்கணும். ஒரு சின்ன நோட்டு வெச்சிருக்கேன், வாசிச்சு முடிச்சதும் அடுத்த நாளுக்கு ஒரே ஒரு வரி எழுதிடுவேன், உதாரணமா "நாளைக்கு 8-ல இருந்து 9-க்கு மாறுற இடம், மெட்ரோனோம் 40". அடுத்த நாள் களைச்சுப்போய் வந்து உக்காரும்போது என்ன வாசிக்கலாம்னு யோசிக்கிறதுலயே அஞ்சு நிமிஷம் போகாது.

முதல் மூணு நாலு நிமிஷம் வலது கை மட்டும், இடது கையத் தொடைமேல வெச்சிடுங்க. கட்டைவிரல் 6-வது ஸ்ட்ரிங்ல, அப்புறம் மோதிரவிரல், நடுவிரல், ஆள்காட்டிவிரல் வரிசையா 1, 2, 3-வது ஸ்ட்ரிங்ல, அந்த பீஸோட பேட்டர்னேதான். மோதிரவிரல்தான் மெலடி வாசிக்குது, அது மத்த ரெண்டையும் விட கொஞ்சம் கனமா கேக்குதான்னு மட்டும் கவனிங்க. அதுக்கப்புறம் ஒரு பத்து நிமிஷம் அந்த ரெண்டு மெஷர், முன்னாலிருந்து இல்லாம பின்னாலிருந்து. முதல்ல 10 மட்டும், அது வந்ததும் 9-10, அப்புறம் 8-10, அப்புறம் 7-10. இப்படி சேர்த்தா தெரியாத இடத்துல ஆரம்பிச்சு தெரிஞ்ச இடத்த நோக்கிப் போவீங்க, வாசிக்க வாசிக்க கைக்கு தைரியம் வரும். தொடர்ந்து அஞ்சு தடவை சுத்தமா வந்தா மெட்ரோனோம நாலு நம்பர் ஏத்துங்க, இல்லேன்னா அதே நம்பர்லயே இருங்க, தப்பா வாசிச்சா கை அந்த தப்பையும் சேர்த்துதான் பழகிக்கும். கடைசி அஞ்சு நிமிஷம் ஏற்கனவே நல்லா வர்ற ஏதாவது ஒண்ண முழுசா வாசிங்க, சந்தோஷத்துக்கு.

இன்னொண்ணு. ராத்திரி பத்து தடவை முயற்சி பண்ணி வராத மாற்றம் மறுநாள் உக்காந்த உடனே வந்திருக்கும், உங்களுக்கும் நடந்திருக்கலாம். தூங்கும்போது மூளை அந்த அசைவ பலப்படுத்திக்குது. ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரத்துக்கு அப்புறம் ஒரே ஒரு தூக்கம், அதையே ஆறு நாளைக்கு 20 நிமிஷமா பிரிச்சா ஆறு தூக்கம். தினமும் எடுங்கன்னு நான் அடிச்சு சொல்றதுக்கு காரணமே அதுதான்.

வலிக்காத_கை எழுதியது:

மேல சொன்னது எல்லாம் சரி ப்ரோ, நான் அந்த பார் கார்ட் பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா நான் இதுல ஒரு வருஷம் தப்பா அழுத்தி முன்னங்கை வலியோட கஷ்டப்பட்டிருக்கேன்.

7, 8 மெஷர்ல பேஸ் நோட் திறந்த 5-வது ஸ்ட்ரிங். மேல மூணு ஸ்ட்ரிங்தான் அழுத்தணும், ஆறு ஸ்ட்ரிங்கையும் பிடிச்சு நசுக்கத் தேவையே இல்ல, பாதி பார் போதும். 9, 10-ல பேஸ் 6-வது ஸ்ட்ரிங் 7-வது ஃப்ரெட், அங்க முழு பார் வேணும், ஆனா நல்லா பாருங்க, ஆள்காட்டிவிரலால நிஜமா சத்தம் வர வேண்டியது 6, 2, 1 மூணு ஸ்ட்ரிங்தான். 3-வது ஸ்ட்ரிங்க வேற விரல் 8-வது ஃப்ரெட்ல பிடிச்சிருக்கு, 4-ம் 5-ம் வாசிக்கிறதே இல்ல. அதனால விரலோட நடுப்பகுதி அழுத்தலன்னா ஒண்ணும் குடி முழுகிப்போகாது. இது புரிஞ்ச அன்னைக்கே என் கையில பாதி இறுக்கம் போச்சு.

விரல தட்டையா வைக்காம கட்டைவிரல் பக்கமா லேசா சாய்ச்சு எலும்பு படுற மாதிரி வைங்க, ஃப்ரெட் கம்பிய ஒட்டி. அழுத்தம் கட்டைவிரல்ல இருந்து வரக்கூடாது, கையோட எடைய முழங்கையில இருந்து பின்பக்கமா தொங்க விடுங்க. சரியா இருக்கான்னு பாக்க கட்டைவிரல நெக்ல இருந்து ஒரு நொடி எடுத்துட்டு வாசிச்சுப் பாருங்க, கொஞ்சமாவது சத்தம் வரணும்.

சுண்டு விரல் நீட்டுறதுக்கு ஒரு வழி இருக்கு. 650 மில்லிமீட்டர் ஸ்கேல் (ஸ்ட்ரிங் அதிர்ற நீளம்) இருக்கிற கிட்டார்ல 7-வது ஃப்ரெட் கம்பிக்கும் 11-வது ஃப்ரெட் கம்பிக்கும் நடுவுல கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர். அதே விரல் அமைப்ப ஒரு ஃப்ரெட் மேல தள்ளி 8-12-ல வெச்சா அரை சென்டிமீட்டர் குறையும். ஒரு வாரம் அங்க பழகிட்டு கீழ இறங்குங்க. கைய ஆள்காட்டிவிரலுக்கு ஏத்த மாதிரி வெச்சுட்டு சுண்டு விரல இழுக்காதீங்க, முதல்ல சுண்டு விரல 11-ல வசதியா வெச்சுட்டு அப்புறம் ஆள்காட்டிவிரல பின்னாடி கொண்டுபோங்க.

12-வது ஃப்ரெட்ல ஸ்ட்ரிங் உயரமும் அளந்து பாருங்க. சாதாரணமா 1-வது ஸ்ட்ரிங் 3 மில்லிமீட்டர், 6-வது 4 மில்லிமீட்டர் சுமாரா இருக்கும். அதவிட ரொம்ப ஒசரமா இருந்தா யாராவது தெரிஞ்சவங்ககிட்ட குடுத்து சேடில (பிரிட்ஜ்ல ஸ்ட்ரிங் உக்கார்ற சின்ன பட்டை) இறக்கணும். அப்புறம் முன்னங்கை லேசா எரிஞ்சா நிறுத்திட்டு கைய உதறிட்டு வாங்க, மணிக்கட்டுல சுருக்குன்னு வலிச்சா அன்னைக்கு வாசிக்கவே வேண்டாம், அடுத்தடுத்த நாளும் இருந்தா டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

ஆறுகம்பி எழுதியது:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. 4-ம் 5-ம் வாசிக்கறதே இல்லன்ற விஷயம் நாலு மாசமா என் கண்ணுல படல, இப்போ நோட்டேஷன எடுத்துப் பார்த்தேன், ஆமா! ரெண்டு கேள்வி. டெக்னிக் எக்சர்சைஸ் தனியா வேணுமா, இல்ல பீஸே போதுமா? ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரத்த என்ன பண்றது?

ஆர்பெஜியோ_அன்பன் எழுதியது:

எனக்கு இதுல கொஞ்சம் மாற்றுக்கருத்து இருக்கு. நாலு மாசம் ஒரே இடத்துல நிக்கிறீங்கன்னா அந்த பீஸ் இப்போ உங்களுக்கு ஒரு படி மேல இருக்கு. அத ஓரமா வைங்க, தூக்கிப்போட சொல்லல. ஜூலியானின்ற கிட்டார் இசையமைப்பாளரோட ஓபஸ் 1-ல (ஓபஸ்னா படைப்பு எண்) வலது கைக்கு 120 பயிற்சி இருக்கு, 1812-ல வந்தது, எல்லாமே சி மேஜர், ஜி7 ரெண்டே கார்ட், அதனால இடது கைக்கு கவலையே இல்ல. தினமும் ஒண்ணே ஒண்ணு அஞ்சு நிமிஷம் எடுங்க, மூணு நாள் ஆனதும் அடுத்தது. மிச்ச நேரம் ஃபெர்னாண்டோ சோர் ஓபஸ் 60-ல இருந்து சின்ன பாடங்கள், மொத்தம் 25, ஆரம்பத்துல இருக்கிறதெல்லாம் ரொம்ப எளிமையா இருக்கும். (கர்காஸியோட 25 எட்யூடும், அதாவது பயிற்சி பீஸ்களும், ஓபஸ் 60தான், தேடும்போது மாத்தி எடுத்துடாதீங்க, அது இன்னும் கொஞ்சம் கஷ்டம்.) ஒரு வாரத்துல ஒரு சின்ன பாடம் முடியும்போது கிடைக்கிற தெம்பு இருக்கே, நாலு மாசமா முடியாத பீஸ்ல அது கிடைக்காது. நோட்டேஷன் படிக்கிற வேகமும் தானா ஏறும், அது ஏறாம இந்த வாத்தியத்துல ரொம்ப தூரம் போக முடியாதுன்னு நான் நிஜமாவே நம்புறேன்.

மெதுவா_வாசி எழுதியது:

அன்பன் சொல்றதுல பாதி எனக்கு சம்மதம். எளிமையான பாடம் ஒண்ணு கூடவே ஓடணும், நான் கடைசி அஞ்சு நிமிஷம்னு சொன்ன இடத்துல சோர் பாடத்த வைங்க, ஜூலியானிய வலது கை நேரத்துல ஒரு நாள் விட்டு ஒரு நாள் வைங்க. ஆனா ரொமான்ஸ ஓரமா வைக்க சொல்ல மாட்டேன். ராத்திரி களைப்புல கிட்டார எடுக்க வைக்கிறதே அந்த பீஸ் மேல இருக்கிற ஆசைதான, அத எடுத்துட்டா வெறும் பயிற்சிக்காக எத்தனை நாள் எழுந்து வருவீங்க? பத்து நிமிஷத்துல ரெண்டு மெஷர்னு பிரிச்சுட்டா அது கஷ்டமான பீஸ்ன்றதே பெருசா தெரியாது.

ஞாயித்துக்கிழமைக்கு: ரெண்டு மணி நேரத்த ஒரே இழுப்பா வாசிக்காதீங்க, 30 நிமிஷமா மூணா உடைச்சு நடுவுல எழுந்து போயிடுங்க. ஒரு பகுதியில முழு பீஸையும் நிறுத்தாம, தப்பு வந்தாலும் திரும்பாம, ஒரே ஒரு தடவை வாசிச்சு போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. கேட்டுட்டு அடுத்த வாரத்துக்கான இடங்கள நோட்டுல குறிங்க. வாசிக்கும்போது சரியா இருக்குன்னு தோணினது ரெக்கார்டிங்ல வேற மாதிரி கேக்கும், முக்கியமா கார்ட் மாறும்போது மெலடி எங்க அறுந்துபோகுதுன்னு. நகம் தேய்க்கிறது, ஸ்ட்ரிங் மாத்துறது எல்லாம் அன்னைக்கே முடிச்சுடுங்க, வார நாள்ல அதுக்கு நேரம் போகக்கூடாது.

இரவுநேர_வாசகி எழுதியது:

சின்ன விஷயம் ஒண்ணு சொல்லணும். கிட்டார பெட்டிக்குள்ள வைக்காதீங்க. குழந்தை கைக்கு எட்டாத இடத்துல ஸ்டாண்ட்ல வைங்க, ஃபுட்ஸ்டூலும் நோட்டேஷனும் அதே இடத்துல திறந்தபடி இருக்கட்டும். பெட்டிய திறந்து, எல்லாத்தையும் எடுத்து, டியூன் பண்ணி உக்கார்றதுக்குள்ள எனக்கு ஏழு நிமிஷம் போயிட்டிருந்தது, அது 20-ல மூணுல ஒரு பங்கு. ஒரு நாள் விட்டுப்போச்சுன்னா மறுநாள் 40 நிமிஷம் வாசிச்சு ஈடு கட்ட நினைக்காதீங்க, எப்பவும் போல 20 போதும். கிட்டார் எடுக்கவே முடியாத நாள்ல அந்த ரெண்டு மெஷர மனசுக்குள்ள வாசிங்க, எந்த விரல் எந்த ஃப்ரெட்ல, எந்த ஸ்ட்ரிங்ல, நோட்டோட பேர் என்னன்னு ஒண்ணொண்ணா. மனசுல எங்க மங்கலா இருக்கோ, கையும் அங்கதான் தடுமாறும். நான் ஒரு முழு எட்யூட இப்படித்தான் வரிசையில நிக்கிற நேரத்துலயே மனப்பாடம் பண்ணேன்.

ஆறுகம்பி எழுதியது:

ஆறு வாரம் கழிச்சு எழுதுறேன், கேட்டவங்களுக்கு சொல்லாம இருக்க முடியல.

நாலு நாள்தான் விட்டுப்போச்சு. நோட்டுல இப்போ 38 வரி இருக்கு. 7-8-ல பாதி பார் போட ஆரம்பிச்ச முதல் வாரமே தடங்கல் போயிடுச்சு. 9-10-க்குதான் நிறைய நாள் ஆச்சு, 8-12-ல பழகிட்டு ரெண்டாவது வாரக் கடைசியில 7-11-க்கு இறங்கினேன், மெட்ரோனோம் 36-ல ஆரம்பிச்சது இப்போ 64. மூணாவது வாரத்துல ஆறு நாள் ஒரு நம்பர் கூட ஏறல, விட்டுடலாம்னு இருந்தப்போ நோட்டுல முதல் பக்கத்த பார்த்தேன், 36-ன்னு எழுதியிருந்தது, அதனால தொடர்ந்தேன். ஜூலியானி 11-வது பயிற்சி வரைக்கும் வந்தாச்சு, சோர் பாடம் மூணு முடிஞ்சுது. முதல் ஞாயித்துக்கிழமை ரெக்கார்டிங்கையும் நேத்து பண்ணதையும் அடுத்தடுத்து போட்டு மனைவிகிட்ட கேக்க வெச்சேன், ரெண்டாவது ஆரம்பிச்சதும் இது வேற யாரோ வாசிச்சதான்னு கேட்டாங்க.

11-வது ஃப்ரெட் நோட் அஞ்சுல நாலு தடவை சுத்தமா வருது. நேத்து ராத்திரி நோட்டுல எழுதினது: "நாளைக்கு இ மேஜர் பாகம், 17-18, மெட்ரோனோம் 40".