வான்கோழி பலாமரத்துல அடையுது, தலை நீலமாகுது: நோயா, பிறவிக் குணமா?

தோப்புவாசி (கொழிஞ்சாம்பாறை):
தென்னந்தோப்புல அஞ்சு பெட்டை, ஒரு சேவல் வான்கோழி, நாட்டுக்கோழிகளோட சேர்ந்து மேயுதுங்க. பொழுது சாஞ்சா கூட்டுக்கு வராம பலாமரத்துல ஏறிக்குது. நாய் குரைச்சா சேவலோட தலை சிவப்புல இருந்து வெளுத்து நீலமாகி, கொஞ்ச நேரத்துல பழையபடி ஆகுது. போன மாசம் சேவலை மூணு வாரம் வேற தோட்டத்துல விட்டிருந்தோம். அந்த மூணாவது வாரத்துல இட்ட முட்டையிலயும் கரு தெரியுது. எப்படிங்க?

எல்லைக்காடு (மீனாட்சிபுரம்):
மரம் ஏறுறது காட்டுப் புத்திங்க. நம்ம வான்கோழி, மெக்சிகோவுல பழக்கின காட்டு வான்கோழியோட வழி. அமெரிக்கக் காடுகள்ல அது பகல் முழுக்கத் தரையில மேயும், இருட்டுல கண் சரியாத் தெரியாததால அந்திக்கே மரம் ஏறிடும். குறுந்தூரம் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல பறக்கும். பொரிச்ச குஞ்சுகள் மட்டும் பறக்கப் பழகுற வரைக்கும், ரெண்டு வாரம் போல, தாயோட தரையில தூங்கும். உடம்பு பெருத்த வெள்ளை பண்ணை வான்கோழிக்குத்தான் பறக்க முடியாது.

இருட்டான குடாப்புல அது நுழையாது. முன்பக்கம் கம்பிவலை அடிச்ச கொட்டாயில, முழங்காலுக்குக் கொஞ்சம் மேல உருண்டைக் கட்டை குறுக்கே கட்டுங்க. ரொம்ப உசரம் வச்சா குதிக்கிறப்போ பாதம் அடிபட்டுப் புண்ணாகும். பொழுது சாய அரைமணி முன்னாடி உள்ளேயே சோளம் போட்டா ஒரு வாரத்துல பழகிடும். இறகு வெட்டறதா இருந்தா ஒரு பக்கச் சிறகுல மட்டும், வெளியோரத்து 10 நீள இறகைப் பாதியா நறுக்கணும். தண்டுல ரத்தம் ஓடுற புது இறகைத் தொடக்கூடாது. உதிர்ந்து முளைச்சா மறுபடி வெட்டணும். ஆனா வெட்டினது நாய்கிட்ட தப்பாது, பாத்துக்கங்க.

மூலத்துறை மாமா:
தலை நிறத்துக்குக் காரணம் சாயம் இல்லீங்க. தோலுக்குள்ள நார்க்கட்டுகளுக்கு நடுவுல ரத்தக்குழாய் ஓடுது. அது வீங்கிச் சுருங்கறப்போ நார்களோட இடைவெளி மாறி, வெளிச்சம் சிதறுற விதமும் மாறுது. நிமிஷத்துல மாறித் திரும்புதுன்னா கவலை வேண்டாம். நாள் பூரா கருத்துக் கிடந்து, இறக்கை தொங்கி, எச்சம் கந்தக மஞ்சளாப் போனா கருந்தலை நோயா இருக்கலாம், கால்நடை மருத்துவரைப் பாருங்க.

நாட்டுக்கோழியோட மேய விடறதுதான் உங்க தோட்டத்துல உண்மையான ஆபத்து. அந்த நோய்க்கிருமி கோழியோட குடல்புழு முட்டைக்குள்ள ஒளிஞ்சு மண்ணுல வருஷக்கணக்கா இருக்கும். கோழி சும்மா திரியும், வான்கோழி செத்துப்போகும். மண்புழு தின்னாலும் ஒட்டும். வந்தப்புறம் மருந்தை நம்பறதுக்கில்லை. ரெண்டுக்கும் மேய்ச்சல் தனித்தனியா ஒதுக்கி, கோழிக்குப் புழு நீக்க மருந்தைத் தவறாம கொடுங்க.

தோப்புவாசி:
முட்டைச் சமாச்சாரம்?

எல்லைக்காடு:
ஒரு தடவை இணைஞ்சா பெட்டை விந்தை உள்ளே சேமிச்சு நாலு வாரத்துக்கு மேலும் கரு கட்டும். உங்க மூணு வாரம் அதுக்குள்ள அடக்கம்.

மூலத்துறை மாமா:
சேவலே பாக்காத பெட்டையோட முட்டையிலயும் அபூர்வமாக் கரு வளரும். 1950கள்ல அமெரிக்காவுல பெல்ட்ஸ்வில் பண்ணையில இதை ஆராஞ்சாங்க. பெரும்பாலும் ஆரம்பத்துலயே செத்துடும், தப்பிப் பொரிச்சதெல்லாம் சேவல். ஆணா பெண்ணான்னு தீர்மானிக்கிற குரோமோசோம் பெட்டைக்கு ரெண்டும் வேற வேற, சேவலுக்கு ஒரே மாதிரி ரெண்டு. தாயோடது இரட்டிச்சா உயிர் பிழைக்கிறது சேவல் மட்டும்தான். அடை வச்ச பத்தாம் நாள் வெளிச்சத்துல பாத்து, நரம்பு ஓடாம வெறும் மங்கலா இருக்கிறதை எடுத்துடுங்க, வச்சிருந்தா அழுகி வெடிச்சு மத்த முட்டையையும் கெடுக்கும்.